காலாவதியான காப்புரிமைக்கு என்ன விலை?

கணக்கியல் பாடத்தில் ஒரு விஷயம் எனக்கு எப்போதுமே வினோதமாகப் படும். ஒரு பழைய லாரியைப் பத்து வருடம் ஓட்டித் தேய்மானம் எழுதி முடித்தாலும், கடைசியில் காயலான் கடையில் இரும்பு விலையாவது கிடைக்கும் என்று கொஞ்சம் எஞ்சிய மதிப்பை ஒதுக்கி வைப்போம். காப்புரிமைக்கு அதுகூடக் கிடையாது. இந்தியக் கணக்கியல் தரநிலை 38 என்ன சொல்கிறது தெரியுமா? புலனாகாச் சொத்துக்கு எஞ்சிய மதிப்பு பூஜ்யம் என்றே வைத்துக்கொள். ஆயுள் முடிவில் வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தாலோ, அந்த மாதிரிச் சொத்துக்கு நடப்பில் ஒரு சந்தை இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு. காப்புரிமைக்கு அப்படி ஒரு சந்தை எங்கே இருக்கிறது? அதனால் ஆயுள் முடிந்தால் பூஜ்யம். அடுத்த கணக்குக்குப் போ.

பரீட்சையில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் போன வருடம் இதே கேள்வி ஒன்றரை லட்சம் ரூபாய் வடிவத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தது. அப்போதுதான் பாடப்புத்தகத்தின் பதில் பாதிப் பதில் என்று புரிந்தது.

விஷயம் இதுதான். என் சித்தப்பா கோவையில் கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். பம்ப் உதிரிபாகங்கள் செய்து கொடுப்பதுதான் தொழில். சொந்தமாக ஒரு பொருள் செய்து விற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அவருடைய அப்பா தேங்காய் மட்டை உரிக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமையும் வாங்கியவர். 2018இல் இறந்துவிட்டார். மகனுக்குப் பட்டறை வேலை தெரியாது. சான்றிதழை ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ காமர்ஸ்தான படிக்கிற, இதுக்கு அவ்வளவு பெறுமான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

சித்தப்பாவுக்கு ஒன்றரை லட்சம் என்பது ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளப் பணம். அந்த அண்ணனுக்கு அது அப்பாவின் பாதி வாழ்க்கை. கூட்டிக் கழித்து 'பூஜ்யம்' என்று சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அதனால் கொஞ்சம் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

எப்படி இறந்தது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. காப்புரிமை இரண்டு விதமாக முடியும். ஒன்று, வயதாகி. இந்தியாவில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு. இரண்டாவது, பட்டினியால். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். வருடம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். தவறினால் ஆறு மாதம் வரை கூடுதல் பணத்தோடு கட்டலாம். அதையும் விட்டால் 20 ஆண்டுக்குக் காத்திராமல் உரிமை அங்கேயே முடிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வயதாகி முடிந்ததை யாராலும் எழுப்ப முடியாது. பட்டினியால் முடிந்ததை எழுப்பலாம். இந்தியச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி, முடிந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பித்து, வேண்டுமென்று விட்டுவிடவில்லை என்று காட்டினால் மீட்டுக்கொள்ளலாம். ஆக, 'காலாவதி' என்று யாராவது சொன்னால் உடனே பூஜ்யம் போடக் கூடாது. அது 17ஆவது மாதத்தில் இருந்தால் கதையே வேறு. வாங்கும் முன் மட்டும் அல்ல, "செத்துப்போனதுதானே, நாமே செய்வோம்" என்று தொடங்கும் முன்னும் இதைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் எண்ணைப் போட்டால் விண்ணப்ப நாள், உரிமை கொடுத்த நாள், எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் இலவசமாகவே தெரியும். நாங்கள் பார்த்த சான்றிதழில் 2008 ஜூன் தேதியும் 20 ஆண்டு என்பதும் இருந்தது. அதனால் 2028 வரை உயிரோடு இருக்கிறது என்றே அந்த அண்ணன் நினைத்திருந்தார். பதிவேட்டில் பார்த்தால் பத்தாம் ஆண்டு வரைதான் கட்டணம். அப்பா இறந்த 2018இலேயே காப்புரிமையும் முடிந்துவிட்டது. மீட்கும் வாய்ப்பு 2019 டிசம்பரோடு போயிற்று. வீட்டில் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்பதே தெரியாது.

பழைய பாக்கி என்று ஒன்று உண்டு. காப்புரிமை உயிரோடு இருந்த காலத்தில் யாராவது அதைத் திருடிச் செய்திருந்தால், முடிந்த பிறகும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். அமெரிக்காவில் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய ஆறு ஆண்டுக்கான நஷ்டத்தைக் கேட்கலாம். இந்தியாவில் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பெரிய நிறுவனங்களின் காப்புரிமை என்றால் இந்தப் பழைய பாக்கிக்கே நல்ல விலை இருக்கும். நம் கதையில் அந்தக் காலமும் எப்போதோ கடந்துவிட்டது.

இருந்தபோது என்ன செய்தது?

காப்புரிமை என்றால் 'நான் செய்யலாம்' என்கிற அனுமதி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். என் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் அது 'நீ செய்யாதே' என்று மற்றவர்களைத் தடுக்கும் உரிமை. நம் தோட்டத்துக்குப் போட்ட வேலி மாதிரி. வேலி விழுந்தாலும் தோட்டம் இருக்கும். வேலி மட்டும்தான் போகும்.

மதிப்பீடு செய்பவர்கள் காப்புரிமைக்கு விலை போட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இந்த உரிமை என்னிடம் இல்லாவிட்டால் நான் யாருக்காவது ராயல்டி கட்ட வேண்டியிருக்கும். இருப்பதால் அந்தப் பணம் மிச்சம். மிச்சமாகும் பணத்தை வருடா வருடம் கணக்குப் போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அதுதான் விலை. நல்ல முறை. ஆனால் காலாவதியானதற்கு இதைப் போட்டுப் பாருங்கள். யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதே இல்லை. மிச்சமாகும் பணம் பூஜ்யம். விலையும் பூஜ்யம்.

சான்றிதழுக்கான விலை இதுதான். எத்தனை முறை போட்டாலும் மாறாது. ஆனால் வேலி விழுந்த பிறகு தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டும் வெளிநாட்டுக் கதைகள்.

வேலி விழுந்ததும் உள்ளே வந்தவர்கள்

முப்பரிமாண அச்சு இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோலமாவு மாதிரி கோடு கோடாக ஊற்றி, அடுக்கு மேல் அடுக்காகப் பொருளை உருவாக்கும். இந்த முறைக்கு அமெரிக்காவின் ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பம் போட்டு 1992இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய நிறுவனம் ஸ்டிராட்டசிஸ். அந்தக் காலத்தில் இந்த இயந்திரம் பெரிய கம்பெனிகள் மட்டும் வாங்கக்கூடிய விலையில் இருந்தது.

2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 'ரெப்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தன் உதிரிபாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரம், வரைபடங்கள் எல்லோருக்கும் இலவசம். 2009இல் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானது. அதே 2009இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மேக்கர்பாட் என்ற சின்ன நிறுவனம் தொடங்கி, ரெப்ராப் வழியிலேயே சாதாரண ஆட்களும் வாங்கும் விலையில் இயந்திரம் விற்றது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. இன்று பள்ளிக்கூட ஆய்வகத்தில்கூட இந்த இயந்திரம் இருக்கிறது.

இதில் ஒரு வணிகவியல் மாணவனுக்குப் பிடித்த திருப்பம் 2013இல் வந்தது. மேக்கர்பாட்டை விலைக்கு வாங்கியது யார்? அதே ஸ்டிராட்டசிஸ்! கொடுத்தது சுமார் 40 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள். காப்புரிமையின் சொந்தக்காரர், காப்புரிமை முடிந்த வயலில் விளைந்த ஒரு நிறுவனத்துக்கு அவ்வளவு பணம் கொடுத்தார். அப்படியென்றால் மதிப்பு அழியவில்லை, கை மாறியிருக்கிறது. ஒருவர் கையில் இருந்தது பலர் கைக்குப் போனது. போன இடத்தில் வளர்ந்தும் விட்டது.

மருந்து உலகத்தில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். கொழுப்பைக் குறைக்கும் லிபிட்டர் மாத்திரை பைசர் நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தது. 2011 நவம்பர் 30 அன்று நம் ஊர் ரான்பாக்ஸிக்கு அதே மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கிடைத்தது. இந்திய மருந்துத் தொழிலில் பெரும்பகுதி இப்படி அடுத்தவர் வேலி விழும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்துக் காத்திருக்கும் தொழில்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு வேலி விழுந்தால் எல்லா வேலியும் விழுந்தது என்று அர்த்தமில்லை. ஸ்டிராட்டசிஸ் 2013 நவம்பரில், அஃபினியா என்ற பெயரில் இயந்திரம் விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது. அடிப்படைக் காப்புரிமை போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அதைச் சுற்றி எடுத்திருந்த வேறு நான்கு காப்புரிமைகளைக் காட்டிப் போட்ட வழக்கு அது. முக்கிய விஷயம் இலவசமானாலும் சின்னச் சின்ன மேம்பாடுகள் இன்னும் பூட்டிக் கிடக்கலாம். பழைய காப்புரிமையில் உள்ளதை உள்ளபடி செய்கிறவருக்கு ஓரளவு பாதுகாப்பு. புதிதாக ஒன்றைச் சேர்க்கிறவர் இன்னொரு முறை தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டிராட்டசிஸ் அந்த முறைக்கு 'எஃப்.டி.எம்.' என்று பெயர் வைத்து அதை வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தது. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு, வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதனால் ரெப்ராப் ஆட்கள் அதே முறைக்கு 'எஃப்.எஃப்.எஃப்.' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். வித்தை பொதுச் சொத்தாகிவிட்டது, பெயர் மட்டும் ஆகவில்லை.

வேலி விழுந்தும் நிலைத்தவர்

இரண்டாவது உதாரணம் லெகோ. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த பிளாஸ்டிக் கட்டைக்கு டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று விண்ணப்பம் போட்டார்கள். அடிப்படைக் காப்புரிமைகள் பல நாடுகளில் 1970களின் கடைசியிலும் கனடாவில் 1988இலும் முடிந்தன. போட்டியாளர்கள் அச்சு அசல் அதே மாதிரிக் கட்டைகளை விற்க வந்தார்கள்.

லெகோ என்ன செய்தது? கட்டையின் மேல் இருக்கும் குமிழ்களின் வடிவமே எங்கள் வணிகச் சின்னம் என்று வாதாடிப் பார்த்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2005இல் ஒப்புக்கொள்ளவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் மறுத்துவிட்டது. வேலை செய்வதற்காக இருக்கிற வடிவத்தைப் பெயர் மாதிரிப் பூட்டி வைக்க முடியாது, காப்புரிமை முடிந்தால் முடிந்ததுதான் என்பது இந்தத் தீர்ப்புகளின் சாரம். அதே சமயம் 1978இல் அறிமுகமான அந்தக் குட்டி மஞ்சள் மனித பொம்மையின் வடிவத்தை வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2015இல் சொன்னது.

கட்டையின் உரிமை போய்விட்டது. ஆனாலும் லெகோ இன்று உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்று. காரணம் காப்புரிமைத் தாளில் இல்லாத விஷயங்கள். பெயர், அச்சின் துல்லியம், 1958இல் செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் பொருந்தும் என்கிற நம்பிக்கை.

இந்த இடத்தில் நம் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். ஒரு நிறுவனம் காப்புரிமையை விலைக்கு வாங்கினால் அது சொத்துப் பட்டியலில் ஏறும், வருடா வருடம் குறையும், கடைசியில் பூஜ்யமாகும். ஆனால் அந்த ஆண்டுகளில் தானே வளர்த்த பெயரைச் சொத்தாகக் காட்ட அதே தரநிலை 38 அனுமதிப்பதில்லை! செலவைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் விளைவு என்ன? காப்புரிமை முடியும் நாளில் செத்த சொத்து புத்தகத்தில் பூஜ்யமாக நிற்கும், உயிரோடு இருக்கும் சொத்து புத்தகத்திலேயே இருக்காது. இரண்டையும் பார்க்காதவர் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுந்து போய்விடுவார். :-)

காப்புரிமை என்பது ஒரு புகைப்படம்

மறுபடியும் பொள்ளாச்சிக் கருவிக்கு வருகிறேன். பட்டறையில் ஒருவர் சொன்னார், "காசு எதுக்குங்க? அதான் முடிஞ்சுபோச்சே. படத்தை இறக்கிப் பார்த்துச் செஞ்சுக்கலாம்". சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் விண்ணப்ப ஆவணத்தை இறக்கினோம். உருளைகள், பற்கள், கியர் எல்லாம் வரைந்து எண் போட்டு விளக்கியிருந்தது. விண்ணப்பிப்பவர் தனக்குத் தெரிந்த சிறந்த முறையை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எழுதியும் இருந்தார்.

ஆனால் அது 2008இல் அவருக்குத் தெரிந்த சிறந்த முறை. அதன் பிறகு பத்து வருடம் அவர் அந்தக் கருவியைச் செய்து, விற்று, பழுது பார்த்திருக்கிறார். அந்தப் பத்து வருடம் ஆவணத்தில் இல்லை. காப்புரிமை ஒரு புகைப்படம் மாதிரி. எடுத்த நாளில் அறிவு எப்படி இருந்தது என்று காட்டும், அதன் பிறகு வளர்ந்ததைக் காட்டாது.

கருவி விற்றதா என்று எப்படித் தெரியும்? காப்புரிமை வைத்திருப்பவர் அதை இந்தியாவில் பயன்படுத்துகிறாரா என்று படிவம் 27 என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். இதைப் பலருக்குத் தெரியாது. விற்கும் வாயும் வாங்கும் காதும் சொல்வதைவிட இந்தப் படிவம் நம்பகமானது. அவர் கடைசியாகக் கொடுத்த அறிக்கையில் அந்த வருடம் 11 கருவி விற்றதாக எழுதியிருந்தார். பெரிய எண் இல்லை. ஆனால் விளம்பரமே இல்லாமல் ஒருவர் தனியாக விற்றது. அலமாரியில் தூங்கிய கண்டுபிடிப்பு இல்லை என்பதற்கு அது சாட்சி.

நான் கணக்கை எடுத்துச் சொன்னபோது அந்த அண்ணன் முகம் வாடிவிட்டது. "ஏனுங்ணா, அப்ப எங்கப்பா சர்டிபிகேட்டுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார். அதற்குச் சித்தப்பா சொன்ன பதில் நான் படித்த எந்த மதிப்பீட்டு முறையைவிடவும் தெளிவாக இருந்தது. "சர்டிபிகேட்ட வீட்ல மாட்டி வைங்க. அப்பா வார்ப்புக்கு வெச்சிருந்த மரப் பேட்டர்ன் எங்கீங்க? நோட்டு கீட்டு எழுதி வெச்சிருந்தாருங்களா?"

இரண்டும் இருந்தன. மாட்டுக் கொட்டகைப் பரணில் ஆறு மரப் பேட்டர்ன், ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. மூன்று நோட்டு. அதில் யாருக்கு எப்போது விற்றது, என்ன பழுது வந்தது, என்ன மாற்றினார் என்று எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார். சின்னக் காய் வந்தால் ஓடு உடைகிறது என்று பற்களின் நீளத்தைக் குறைத்தது, காயை அழுத்தும் ஸ்பிரிங்கை மாற்றியது எல்லாம் அதில்தான். 2008 படத்தைப் பார்த்துச் செய்திருந்தால் சித்தப்பாவும் அதே ஓட்டை உடைத்துத்தான் கற்றுக்கொண்டிருப்பார்.

இப்போது விலை போட வழி கிடைத்தது. பேட்டர்னைப் புதிதாகச் செய்தால் சுமார் 45,000 ரூபாய். சோதனை வார்ப்பு, இரண்டு மாதக் கூலி என்று 50,000. இவை இருந்தால் இந்த 95,000 ரூபாயில் பெரும்பகுதி மிச்சம். அரித்துப்போனதைக் கழித்து, பழையவற்றைச் செப்பனிடும் செலவையும் கழித்து, 60,000க்குப் பேசி முடித்தார்கள். அது போக, அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குக் கருவியைவிட அந்தப் பெரியவரின் பெயர்தான் தெரியும். அந்தப் பெயரைக் கருவியில் எழுதிக்கொள்ள ஐந்து வருடத்துக்கு ஒரு கருவிக்கு 500 ரூபாய்.

இந்த இரண்டாவது பாகத்தை எப்படி எழுதுவது என்பதில் அமெரிக்காவின் ஒரு வழக்கு எனக்கு உதவியது. ஸ்டீபன் கிம்பிள் என்பவர் ஸ்பைடர்மேன் மாதிரிக் கையிலிருந்து நூல் பீய்ச்சும் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கியவர். 1997இல் மார்வெல் நிறுவனம் அதை வாங்கி, மொத்தமாக ஒரு தொகையும் விற்பனையில் 3 சதவீதமும் தர ஒப்புக்கொண்டது. எப்போது வரை என்று எழுதவில்லை. 2010இல் காப்புரிமை முடிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், காப்புரிமை முடிந்த பிறகு அதற்காக ராயல்டி கேட்க முடியாது என்று 2015இல் தீர்ப்பானது. ஆனால் காப்புரிமை அல்லாத வேறு உரிமைகளுக்கான பணத்தைத் தொடர்ந்து வாங்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அதிலுள்ள அறிவு பொதுவானது: எதற்குப் பணம் என்று பிரித்து எழுது. சித்தப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தில் பேட்டர்ன், நோட்டு, பெயர் என்று தனித்தனியாக இருக்கிறது. 'காப்புரிமை' என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை.

இதுவரை ஒன்பது கருவி போயிருக்கிறது. லாபமா நஷ்டமா என்று சொல்ல இன்னும் இரண்டு சீசனாவது பார்க்க வேண்டும்.

யாராவது உங்களிடம் கேட்டால்

காலாவதியான காப்புரிமையை யாராவது விற்க வந்தாலோ, உங்கள் வீட்டிலேயே ஒன்று கிடந்தாலோ, இந்த வரிசையில் கேளுங்கள்.

1. வயதாகி முடிந்ததா, கட்டணம் கட்டாமல் முடிந்ததா? இரண்டாவது என்றால் 18 மாதம் ஆகிவிட்டதா?

2. உயிரோடு இருந்த காலத்துக்கான நஷ்ட ஈட்டைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறதா?

3. அதைச் சுற்றி உயிரோடு இருக்கும் வேறு காப்புரிமைகள் உண்டா? யார் பெயரில்?

4. அந்தப் பொருள் உண்மையில் விற்றதா? படிவம் 27 என்ன சொல்கிறது?

5. தாளில் எழுதாத எதெல்லாம் விற்பவரிடம் இருக்கிறது? அச்சு, பேட்டர்ன், நோட்டு, பெயர், வாடிக்கையாளர், வேலை தெரிந்த ஆள்?

முதல் மூன்றுக்கும் சாதகமான பதில் இல்லையென்றால் சான்றிதழுக்கு விலை இல்லை. தயங்காமல் சொல்லலாம். நான்காவதும் ஐந்தாவதும்தான் பணம் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும். ஐந்தாவதற்கு விற்பவரிடம் பதிலே இல்லையென்றால் ஆவணத்தை இலவசமாக இறக்கிக்கொண்டு நீங்களே செய்யலாம். அதில் ஒரு தவறும் இல்லை.

தவறு இல்லை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காப்புரிமையே ஒரு கொடுக்கல் வாங்கல்தான். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு, 20 வருடம் மற்றவர்களைத் தடுத்துத் தருகிறேன் என்று அரசு சொல்கிறது. அந்த 20 வருடம் கண்டுபிடித்தவரின் பங்கு. அதற்குப் பிறகு வருவது நம் பங்கு. நாம் அதை வாங்கிக்கொள்ளாமல் விட்டால்தான் ஒப்பந்தம் பாதியில் நிற்கும். சென்னை கிண்டி அலுவலகம் உட்பட நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களிலும் பதிவானவற்றில் எத்தனையோ ஆவணங்கள் இப்படி முடிந்துபோய், யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கின்றன. பட்டறைக்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தன் தொழிலுக்குச் சம்பந்தப்பட்டதைத் தேடினால் போதும், செலவு பூஜ்யம்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படிப் பரணில் பேட்டர்னும் நோட்டுமாகக் கிடக்கும் கண்டுபிடிப்புகள் இருக்கலாம். தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சட்டம் படிக்கும் நண்பர்கள் யாராவது, அந்தப் பெரியவரின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய மகன் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் அவருக்கு உடனே தெரிவிக்கிறேன். இந்த முறை கட்டணம் கட்ட வேண்டிய தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.